கூச்சல் என்று ஒதுக்கியவர்களுக்கு, ஐடில்ஸ் பற்றி ஒரு திறந்த மடல்

பங்க் இசையை வெறும் கூச்சல் என்று ஒதுக்கி வைத்திருக்கும் இசை ரசிகர்களுக்கு,

ஐடில்ஸ், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிரிஸ்டல் நகரில் 2009இல் தோன்றிய ஐவர் குழு. ஜோ டால்பட் பாடுகிறார். ஆடம் டெவன்ஷைர் பேஸ் கிதாரும், மார்க் போவன், லீ கீர்னன் இருவரும் கிதாரும், ஜான் பீவிஸ் டிரம்ஸும் வாசிக்கிறார்கள். 2017 முதல் 2024 வரை இவர்கள் வெளியிட்ட ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்களில் இரண்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. இருந்தும் இக்குழுவின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது மேடைதான்.

கூச்சல் என்ற குற்றச்சாட்டை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. டால்பட்டுக்கு இனிய குரல் கிடையாது; அவர் பாடுவதில் பாதி அதட்டல், மீதி உறுமல். சுரங்களின் நெளிவு சுளிவைத் தேடிப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது சொற்பம். இக்குழுவின் வித்தை வேறு இடத்தில் இருக்கிறது. சத்தத்தை எவ்வளவு நேரம் அடக்கி வைப்பது, எந்த நொடியில் அவிழ்த்துவிடுவது, அவிழ்த்துவிட்ட பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் நசுக்கிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கணக்கு அது. கேட்டுப் பழகாத காதுக்கு அந்தக் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

பங்க் என்ற முத்திரையையே டால்பட் பலமுறை மறுத்திருக்கிறார். மறுப்பில் நியாயம் உண்டு. 1976இல் லண்டனிலும் மான்செஸ்டரிலும் கிளம்பிய முதல் பங்க் அலைக்கு வேகமும் சுருக்கமுமே இலக்கணம். ஐடில்ஸின் பாடல்களில் எழுபதுகளின் ஜெர்மன் ராக் குழுக்களிடமிருந்து வந்த, மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும் தாளம் இருக்கிறது. பின்னாள் ஆல்பங்களில் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களின் கைவண்ணமும் சேர்ந்துகொண்டது. விமர்சகர்கள் போஸ்ட்-பங்க் என்ற பெயரைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதையும் குழு விரும்பவில்லை. எந்தப் பெயரை ஏற்றாலும் மறுத்தாலும், மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே சுவர் இருக்கக் கூடாது என்ற பங்க்கின் பழைய பிடிவாதத்தை ஐடில்ஸ் அளவுக்குக் காப்பாற்றியவர்கள் இன்றைய பிரிட்டனில் குறைவு.

பிரிஸ்டலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அடிமை வணிகத்தில் செழித்த துறைமுக நகரம் அது. கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்க மறுத்த பேருந்து நிறுவனத்துக்கு எதிராக 1963இல் அங்கே நடந்த புறக்கணிப்புப் போராட்டம் பிரிட்டனின் இனச் சமத்துவச் சட்டங்களுக்கு வழிகோலியவற்றில் ஒன்று. 2020 ஜூனில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைப் பெயர்த்துத் துறைமுக நீரில் தள்ளியதும் அந்த ஊர்க்காரர்கள்தான். இசையிலும் அதே கலவை. 1977இல் தொடங்கிய தி பாப் குரூப் பங்க்கோடு ஃபங்க்கையும் ஜமைக்காவின் டப் இசையையும் பிசைந்தது; தொண்ணூறுகளில் மாசிவ் அட்டாக், போர்ட்டிஸ்ஹெட் இருவரும் நேர் எதிராக, மெதுவான, இருண்ட இசையால் உலகப் புகழ் பெற்றார்கள். ஐடில்ஸ் தலையெடுத்தபோது அந்த மென்குரல் மரபின் நிழல் நகரத்தின் மீது இன்னும் படர்ந்திருந்தது.

தலையெடுக்க எட்டு ஆண்டுகள் ஆயின. டால்பட்டும் டெவன்ஷைரும் எக்ஸிடர் நகரில் படிக்கும்போதே நண்பர்கள். பிரிஸ்டலுக்கு வந்தபின் ஒரு நடன இரவு விடுதியை நடத்திக்கொண்டே குழுவைக் கட்டினார்கள். போவன் பல் மருத்துவர். டால்பட் பராமரிப்புப் பணியாளராக வேலை பார்த்தவர். முதல் சிறு வெளியீடு 2012இல் வந்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2015இல் முந்தைய கிதார் கலைஞர் விலகிக் கீர்னன் சேர்ந்த பிறகே இன்று கேட்கும் ஒலி உருவானது. முப்பதை எட்டிய, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் வாரக் கடைசிகளில் வேனில் ஏறி, ஐம்பது பேர் நிற்கும் மதுக்கடை மாடிகளில் வாசித்துத் தேய்ந்த ஆண்டுகள் அவை. இன்று பெரிய திடலில் தெரியும் கட்டுப்பாடு அந்தச் சின்ன அறைகளில் பழகியது. பிஞ்சிலேயே புகழ் பெற்ற குழுக்களிடம் அது அரிது.

முதல் ஆல்பமான 'புரூட்டலிசம்' 2017 மார்ச்சில் வந்தது. நெடுநாள் நோயுற்றிருந்த தாயை டால்பட்தான் கவனித்துக்கொண்டிருந்தார். ஆல்பம் தயாராகிக்கொண்டிருக்கும்போது தாய் இறந்துபோனார். அட்டையில் இருப்பது அவருடைய படம். அதன் நூறு இசைத்தட்டுப் பிரதிகளில் அவருடைய அஸ்தியைக் கலந்து அச்சிட்டார்கள். கேட்பவருக்குச் சற்று அதிர்ச்சியாக இருக்கலாம். துக்கத்தை அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது என்ற குழுவின் போக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் டால்பட்டின் மகள் இறந்தே பிறந்தாள். அந்தத் துயரமும் இரண்டாவது ஆல்பத்தில் 'ஜூன்' என்ற பாட்டாக வந்தது.

அந்த இரண்டாவது ஆல்பம், 'ஜாய் ஆஸ் ஆன் ஆக்ட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்', 2018 ஆகஸ்ட் 31இல் வெளியாகி விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. மறு ஆண்டு சிறந்த ஆல்பத்துக்கான ஐவர் நொவெல்லோ விருது அதற்குக் கிடைத்தது; மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆண்கள் அழக் கூடாது என்று வளர்க்கும் வழக்கம், குடியேறிகள் மீதான வெறுப்பு, தன் உடலையே வெறுக்கக் கற்றுத்தரும் விளம்பரங்கள் ஆகியவையே பாடுபொருள். 2016 ஜூன் 23இல் நடந்த பிரெக்சிட் வாக்கெடுப்பில் நாடு 51.9 சதவீதம் வெளியேறு என்றது, பிரிஸ்டல் 61.7 சதவீதம் இருக்கலாம் என்றது. அந்தப் பிளவின் நடுவில்தான் 'டேனி நெடெல்கோ' பாட்டு பிறந்தது. உக்ரைனிலிருந்து வந்து பிரிஸ்டலில் இன்னொரு குழுவில் பாடும் நண்பர் ஒருவரின் பெயரையே தலைப்பாக வைத்துக் குடியேறிகளைக் கொண்டாடும் பாட்டு அது. கருத்துப் பிரசாரத்தைவிட ஒரு நண்பனின் பெயரைக் கூட்டமே எழுத்துக்கூட்டிக் கத்துவது வலுவானது என்பதைக் குழு நன்றாகப் புரிந்துவைத்திருந்தது.

இனி மேடை. ஐடில்ஸ் நிகழ்ச்சியைப் பெரும்பாலும் 'கொலோசஸ்' என்ற பாட்டு தொடங்கி வைக்கும். டிரம்ஸ் குச்சிகளின் தட்டல், அடியில் ஒரே சுரத்தில் முனகும் பேஸ், தணிந்த குரல். ஆல்பத்தில் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடும் இந்தப் பாட்டில் முதல் நான்கு நிமிடம் வரை எதுவும் வெடிப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கிதார் ஒரு படி ஏறுகிறது, டிரம்ஸ் ஒரு படி கனக்கிறது, அவ்வளவே. விளம்ப காலத்தில் நிதானமாகப் பல்லவியை நிறுத்திப் பாடும் வித்வானைப் பொறுமையோடு கேட்கத் தெரிந்தவருக்கு இந்தக் காத்திருப்பு அந்நியமாக இராது. சத்தம் உச்சிக்குப் போனதும் பாட்டு சட்டென்று நிற்கிறது. ஓரிரு நொடி மௌனம். பிறகு முற்றிலும் வேறொரு பாட்டுபோல, தலைதெறிக்கும் வேகத்தில் கடைசிப் பகுதி.

மேடையில் அந்த மௌனத்தைக் குழு நீட்டும். டால்பட் கையால் கூட்டத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கத்தாரையும் வலப்பக்கத்தாரையும் பின்வாங்கச் சொல்வார். நடுவில் வெற்றுத் தரை தெரியும். பிந்தியவர்களை இன்னும் தள்ளி நிற்கச் சொல்வார், சிரிப்பார், யாராவது கீழே விழுந்தால் தூக்கிவிட வேண்டும் என்று நினைவூட்டுவார். வேகப்பகுதி தொடங்கியதும் இரு பக்கமும் ஓடிவந்து மோதும். இதற்கு வால் ஆஃப் டெத் என்று பெயர்; பெயர்தான் பயங்கரம். காத்திருந்த நேரம் நீளநீள மோதலின் இன்பம் கூடும். இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய நாடகங்களில் இதைவிடச் சிக்கனமானது இல்லை.

ஐவருக்கும் ஐந்து வேலை. டால்பட் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு குத்துச்சண்டைக்காரர்போல ஒரே இடத்தில் கால் மாற்றி நடைபோடுவார். பெரும்பாலும் மேடையை விட்டு இறங்க மாட்டார். இறங்குவது கிதார் கலைஞர்கள். ஆரம்ப ஆண்டுகளில் உள்ளாடையோடு மட்டும் வாசித்த போவன் பிற்காலத்தில் பூப்போட்ட கவுன்களில் வருகிறார். கீர்னன் கிதாரோடு கூட்டத்தின் தலைகளுக்கு மேல் மிதந்து, நடு அரங்கில் நின்று வாசித்துவிட்டு, அதே தோள்களின் வழியே திரும்புவார். 'லவ் சாங்' பாட்டில் இருவரும் கீழே இறங்கிவிட்டால், எல்லாருக்கும் தெரிந்த பாப் பாட்டுகளின் துண்டுகளை நடுவே செருகிக் கேலிக்கூத்தாக நீட்டுவதும் உண்டு. இந்தக் களேபரம் எல்லாம் தாங்கி நிற்பது டெவன்ஷைரும் பீவிசும் போடும் அடித்தளத்தின்மேல். பீவிசின் கை தளர்ந்தால் முழு நிகழ்ச்சியும் உண்மையாகவே கூச்சலாகிவிடும். ஐவரில் அதிகம் பேசப்படாதவரும் அவரே, பாவம்.

கிதார் ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போவனும் கீர்னனும் வழக்கமான ராக் கிதார் தனி ஆவர்த்தனங்களை வாசிப்பதில்லை. காலடியில் பலகை நிறைய எஃபெக்ட் பெடல்கள்; அவற்றின் வழியே கிதார் அபாயச் சங்காக, ரம்பமாக, பழுதான இயந்திரமாக மாறுகிறது. 2020இன் 'கிரவுண்ட்ஸ்' பாட்டில் கிதார் எது, மின்னணுக் கருவி எது என்று பிரித்தறிவது கடினம். மெட்டை எடுத்துச் செல்லும் பொறுப்பு இங்கே கிதாருக்கு இல்லை. அது தாள வாத்தியமாகவும் சூழலாகவும் வேலை செய்கிறது. சுரத்தைத் தேடும் காது ஏமாறுவதற்கும், தாளத்தைத் தேடும் காது திருப்தி அடைவதற்கும் காரணம் இதுதான்.

நிகழ்ச்சியின் முடிவில் 'ராட்வைலர்' பாட்டு. அதன் வால் பகுதி பல நிமிடம் நீளும் இரைச்சல் வெள்ளம். அதற்குப்பின் கலைஞர்கள் ஒளிந்துகொள்வதும் ரசிகர்கள் கைதட்டி அழைப்பதும் மீண்டும் வருவதுமான என்கோர் நாடகம் இவர்களிடம் கிடையாது. முடிந்தால் முடிந்தது.

மோஷ் பிட் என்று அழைக்கப்படும் அந்த மோதல் வட்டத்தைப் பற்றி வெளியாருக்குப் பெரும் அச்சம் உண்டு. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள், யூடியூபில் கிடைத்த ஹெவி மெட்டல் கச்சேரிக் காணொளிகளை ஆராய்ந்து 2013இல் ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாறுமாறாக மோதிக்கொள்பவர்களின் வேகங்கள், வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவலை ஒத்திருந்தன. எல்லாரும் ஒரே திசையில் சுற்றும் சர்க்கிள் பிட், நீர்ச்சுழலின் இலக்கணத்தைக் கொண்டிருந்தது. அருகில் இருப்பவரோடு சேர்ந்து நகரும் விருப்பம், கூடவே கொஞ்சம் தற்செயல், இவ்விரண்டை மட்டும் கொடுத்துக் கணினியில் போலி மனிதர்களை ஓடவிட்டபோதும் இதே இரு வடிவங்கள் தோன்றின. யாரும் இயக்காமலே கூட்டம் வடிவம் எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் சாரம்.

இயற்பியல் விளக்காத பகுதி, எழுதப்படாத விதிகள். விழுந்தவரை அக்கணமே நான்கு கைகள் தூக்க வேண்டும். செருப்போ கண்ணாடியோ தவறினால் கண்டெடுத்தவர் உயர்த்திக் காட்ட வேண்டும். முழங்கை உயரக் கூடாது. விருப்பமில்லாதவரை வட்டத்துக்குள் இழுக்கக் கூடாது. பெண்களின் உடம்பில் கை வைப்பவர்களுக்கு இடமில்லை என்பதை டால்பட் மேடையிலிருந்தே சொல்வார். பங்க் கச்சேரிகளின் முன்வரிசை பல பத்தாண்டுகள் ஆண்களின் கோட்டையாக இருந்தது. கென்ட் வட்டாரத்தைச் சேர்ந்த சாஃப்ட் பிளே இருவர் குழு ஒரு பாட்டுக்கு மோதல் வட்டத்தைப் பெண்களுக்கு மட்டுமென ஒதுக்குவதும், பிரைட்டனின் லாம்ப்ரினி கேர்ள்ஸ் பாடகி கூட்டத்துக்குள் இறங்கி ஆளாளுக்கு நிற்கும் இடத்தை மாற்றி அமைப்பதும் அந்தக் கோட்டையை உடைக்கும் வேலைகளே.

ஆபத்தே இல்லை என்று சொல்வது பொய்யாகிவிடும். 1988இல் இங்கிலாந்தின் டானிங்டன் விழாவில் இருவரும், 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்டெ விழாவில் ஒன்பது பேரும், 2021இல் ஹூஸ்டனில் பத்துப் பேரும் கூட்ட நெரிசலில் இறந்தார்கள். இவற்றில் உயிர் பறித்தது நகர இடமின்றி இறுகிய கூட்டம். நெருக்கம் ஓர் அளவைக் கடந்தால் மனிதர்கள் தம் விருப்பப்படி அசைய முடியாது. திரவம்போல அலை எழும், நின்றபடியே மூச்சு முட்டும். எனவே பெரிய திடல்களில் மேடைக்கு முன்னே வளைந்த தடுப்புகள் வைத்துக் கூட்டத்தைப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். தடுப்புக்கும் மேடைக்கும் இடையே நிற்கும் காவலர்கள் தலைகளுக்கு மேல் மிதந்து வருபவர்களைத் தாங்கி இறக்குகிறார்கள், தண்ணீர் நீட்டுகிறார்கள். மோஷ் பிட் திறந்துகொள்ள நடுவில் வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடம் உருவாகாத அளவுக்கு நெரிசல் என்றால், பாடகர் பாட்டை நிறுத்த வேண்டிய நேரம் அது.

சத்தத்தின் அளவும் அப்படியே. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் பணியிட இரைச்சல் விதிகள் இசை அரங்குகளுக்கு 2008 முதல் பொருந்துகின்றன. நாளைக்கு எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலை எட்டினால் ஊழியர்களுக்குக் காதுப் பாதுகாப்பு கட்டாயம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியாற்றல் இரட்டிக்கிறது, பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. இந்தக் கணக்கில் 100 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் சுருங்கிக் கால் மணி நேரமாகிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி அரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்சவரம்பும், கால் மணி நேரச் சராசரியாக 100 டெசிபல். ஐடில்ஸ் போன்ற குழுவைக் காதடைப்பான் இல்லாமல் கேட்பது வீரமாகாது, மூடத்தனம். இசைக்கென்றே செய்த அடைப்பான்கள் எல்லா அலைவரிசையையும் சீராகக் குறைப்பதால் வரிகள் இன்னும் தெளிவாகவே கேட்கும்.

இக்குழுவின் மேடையை ஒலிப்பதிவில் அறிய ஒரு நல்ல வாசல் உண்டு. 2018 டிசம்பர் 3இல் பாரிஸின் பட்டாக்லான் அரங்கில் நடந்த நிகழ்ச்சி மறு ஆண்டு 'எ பியூட்டிஃபுல் திங்' என்ற நேரடி ஆல்பமாக வந்தது. நீண்ட சுற்றுப்பயணத்தின் கடைசி இரவு. குரல் கரகரத்திருக்கிறது, சில இடங்களில் வாசிப்பு தடுமாறுகிறது, கூட்டம் பாடகரைவிட உரக்கப் பாடுகிறது. 2015 நவம்பர் 13இல் பயங்கரவாதிகள் ஒரு ராக் கச்சேரிக்குள் புகுந்து 90 பேரைச் சுட்டுக்கொன்ற அதே அரங்கு அது. அங்கே மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு கூட்டம் பயமின்றி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்து பாடியது, மகிழ்ச்சியே எதிர்ப்பு என்று தலைப்பு வைத்த அந்த இரண்டாவது ஆல்பத்துக்கு எந்த விமர்சகரும் எழுத முடியாத விளக்கவுரை.

எதிர்ப்பாளர்களும் இல்லாமல் இல்லை, அவர்கள் சொல்வதில் பொருளும் உண்டு. ஸ்லீஃபர்ட் மாட்ஸ் குழுவின் ஜேசன் வில்லியம்சன் 2019இல், உழைக்கும் வர்க்கத்தின் குரலை ஐடில்ஸ் இரவல் வாங்குகிறது என்று சாடினார். பாடல் வரிகள் சுவரொட்டி வாசகங்களாகச் சுருங்கிவிடுகின்றன என்பது மற்றொரு குறை. 2020இன் 'அல்ட்ரா மோனோ' முதலிடம் பிடித்த ஆல்பம்தான், ஆனால் இந்தக் குறை மிகவும் பொருந்துவதும் அதற்கே. குழு தன்னைத்தானே நகலெடுக்கத் தொடங்கிய ஆல்பம் அது. பெருந்தொற்றால் அரங்குகள் பூட்டிக் கிடந்த ஆண்டில் அது வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கூட்டத்துக்காக எழுதிய முழக்கங்கள், கூட்டம் இல்லாத அறையில் பொலிவிழந்து ஒலித்தன.

அடுத்த ஆண்டே வந்த 'க்ராலர்' வேறு திசை. போவனும், ஹிப்-ஹாப் உலகிலிருந்து வந்த கென்னி பீட்ஸும் சேர்ந்து தயாரித்தது. போதைப்பழக்கம், கார் விபத்து, மீட்சி என்று டால்பட் தன் வாழ்க்கைக்குள்ளேயே தோண்டினார். அதில் உள்ள 'தி பீச்லாண்ட் பால்ரூம்' ஒரு மெதுவான சோல் பாட்டு. உறுமல்காரர் முதன்முறையாக நெஞ்சு வெடிக்கப் பாடுகிறார், பாடவும் வருகிறது. தலைப்பு, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள நடுத்தர அளவு அரங்கு ஒன்றின் பெயர். கூச்சல் என்று ஒதுக்கியவர்கள் முதலில் கேட்க வேண்டிய ஸ்டூடியோ பாட்டு இதுவே. 2024 பிப்ரவரியில் வந்த 'டாங்க்' ஆல்பத்தில் ரேடியோஹெட்டின் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சும் சேர்ந்துகொண்டார். அது முதலிடம் பிடித்தது, கிராமி பரிந்துரைகளும் பெற்றது.

அந்த ஆண்டு ஜூன் 28, வெள்ளி இரவு, கிளாஸ்டன்பரி விழாவின் இரண்டாவது பெரிய மேடையான அதர் ஸ்டேஜில் ஐடில்ஸ் தலைமைக் குழு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே விழாவின் சிறிய பார்க் ஸ்டேஜில் வாசித்தபோது மேடையிலேயே கண்கலங்கியவர் டால்பட். இம்முறை 'டேனி நெடெல்கோ' தொடங்கியபோது, உயிர்காப்பு உடை அணிந்த பொம்மைகள் நிறைந்த ஒரு ரப்பர் படகு கூட்டத்தின் கைகளின் மேல் ஏறியது. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரும் அகதிகளின் படகு அது. தலைகளின் மேல் ஆட்களைக் கடத்திவிடப் பழகிய கூட்டத்துக்குப் படகைக் கடத்தச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பலர் அதைக் குழுவின் ஏற்பாடு என்றே எண்ணினார்கள். குழுவுக்கோ முன்கூட்டித் தெரியாது. பிரிஸ்டலில் வளர்ந்த தெரு ஓவியர் பாங்க்சி தன் வேலை என்று பின்னர் ஒப்புக்கொண்டார். பொதுத் தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. அகதிகளின் பயணத்தைக் கேலிப்பொருளாக்குகிறார்கள் என்று உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி கண்டித்தார். ஒரு பாட்டு அமைச்சரின் பதிலைப் பெறுவது பிரிட்டனில் அடிக்கடி நடப்பதில்லை.

பெரிய திடல்களின் புகழ் ஓர் உண்மையை மறைக்கிறது. இப்படிப்பட்ட குழுக்கள் விளையும் நிலம் சிறு அரங்குகள். அந்த நிலம் சுருங்கிவருகிறது. சிறு அரங்குகளுக்காக 2014இல் தொடங்கிய மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2023இல் மட்டும் 125 இடங்களில் நேரடி இசை நின்றுபோனதாகக் கணக்கிட்டது. வாடகை, மின்கட்டணம் இரண்டும் ஏறுகின்றன. பக்கத்தில் புதிதாகக் குடியேறுபவர்கள் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுக்கிறார்கள். பிரிஸ்டல் துறைமுகத்தில் நிற்கும் தெக்லா ஒரு பழைய சரக்குக் கப்பல். அதன் கீழ்த்தளத்தில் கச்சேரி நடக்கும். எதிர்க்கரையில் அடுக்குமாடி வரவிருந்தபோது அதன் கதையும் முடிந்துவிடும் என்ற பயம் எழுந்தது. புதிதாகக் கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்ற கொள்கை 2018இல் இங்கிலாந்தின் தேசியத் திட்ட விதிகளில் ஏறியது இத்தகைய இடங்களுக்குப் பெரிய ஆறுதல். அதே ஊரின் எக்ஸ்சேஞ்ச் அரங்கைக் காப்பாற்ற ரசிகர்களே பங்குகள் வாங்கி உரிமையாளர்கள் ஆனார்கள். பெரிய அரங்குகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பகுதியைச் சிறு அரங்குகளுக்கு ஒதுக்கலாம் என்று 2024இல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. அரசு அதைக் கட்டாயமாக்காமல் தொழில்துறையின் விருப்பத்துக்கு விட்டது.

இம்மடலைப் பெறும் ரசிகர்கள் ஐடில்ஸைக் கேட்டுப் பார்க்க முன்வந்தால், வரிசை இப்படி இருக்கலாம். முதலில் 'தி பீச்லாண்ட் பால்ரூம்'. அடுத்து பட்டாக்லான் பதிவின் தொடக்கத்தில் வரும் 'கொலோசஸ்', மௌனம் வரும் இடம் வரை ஒலியைக் குறைக்காமல். பிறகு அதே பதிவில் 'டேனி நெடெல்கோ'. அதில் டால்பட்டின் குரலை விட்டுவிட்டுக் கூட்டத்தின் குரலை மட்டும் பின்தொடர வேண்டும். அதற்குப் பிறகும் கூச்சலாகவே பட்டால், தாராளமாக நிறுத்திவிடலாம்.